காத்தா யார் பேரில்

வியாழக்கிழமை, படுக்கும் முன்

அப்பாவின் மர்பி டவுன் வீட்டுக் காத்தா, அதாவது மாநகராட்சி வரிப் பதிவு, அண்ணன் பேரில் இருக்கிறது. அதனால் வீடே தன்னுடையது, தங்கச்சி எனக்குப் பங்கே இல்லை என்று ரெண்டு வருஷமாக அடம்பிடித்தான். காத்தா வரி கட்டத்தான், அது உரிமைப் பத்திரம் ஆகாது என்று என் வக்கீலம்மா போன வாரமே எனக்குச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சமரசப் பேச்சில் அண்ணி எதிரில் அவன் மூக்கு உடைபடுவதைப் பார்க்கத்தான் போனேன்.

வக்கீலம்மாவோ முதலிலேயே அவனைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய், காபி கொடுத்துப் புரியவைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க என் வக்கீலா, அவன் வக்கீலா?"

"உங்க வக்கீல்தாம்மா. அவர் வாயாலயே வரட்டும், இருங்க."

உள்ளே வந்து உட்கார்ந்த அண்ணன், அண்ணியைப் பார்க்காமலே சொன்னான்: "அப்பா வீடு. செல்விக்கும் பாதி."

எப்பேர்ப்பட்ட பொம்பளை இந்த வக்கீலம்மா. திரும்பும்போது ஆட்டோ பிடிக்கப் போனேன். அண்ணன் வண்டியை நிறுத்தி, "ஏறு" என்றான்.