நான்காவது இதயம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

தினமும் ஓர் அறிவியல் செய்தியைத் தேடி, சரிபார்த்து, எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போடுகிறேன். பக்கத்து வீட்டுக் குணசேகரன் அதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் கோயில் குழுவில் போடுகிறார். ஒரு வருடமாகப் பொறுத்தேன்.

இன்று மாலை ரொட்டிச்சானாய் கடையில் கடைக்காரி செல்வி சொன்னாள்: "சார், நீங்க குணா அண்ணன்கிட்ட கத்துக்கணும் லா. கோயில் குழுவுல தினமும் என்னமா செய்தி போடுறாரு! நான் ஒண்ணு விடாம கை தட்டுற படம் போட்டுடுவேன்!"

குணசேகரன் அருகிலேயே நின்றிருந்தார். "சாருக்கு வயசாயிருச்சும்மா, விடு" என்று சிரித்தார்.

பார்த்தெழுதும் மாணவனைப் பிடிக்க, அவன் எட்டிப் பார்க்கும் தாளில் ஒரு தப்பை வைத்தால் போதும். வீடு திரும்பியதும் அவருக்கு மட்டும் அனுப்பினேன்: "ஆக்டோபஸுக்கு நான்கு இதயங்கள்." உண்மையில் மூன்றுதான்.

பத்தே நிமிடம். "என் தேடல்" என்ற தலைப்போடு கோயில் குழுவில் வந்துவிட்டது.

அந்தக் குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது மட்டும் உறுத்துகிறது. சரியான செய்தியையும் இணைப்பையும் தட்டி வைத்திருக்கிறேன். விடிந்ததும், "குணா, அந்த நான்காவது இதயத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அதைப் போடுவேன்.

இப்போதே போடலாம். ஆனால் நான்காவது இதயத்துக்குச் செல்வி இன்னும் கை தட்டவில்லை.