செம்புச் சேற்றின் பூண்டு வாசம்

அன்புக் குட்டிக்கு,

உன் மாமன் எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். நான் நலம், உன் அம்மா இருக்கிறாள். நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என்னைச் சேற்றுப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள், நான் இல்லாமல் செம்பு ஆலையே தள்ளாடியது, அது வேறு கதை. அங்கே நானும் உன் அப்பாவும் என்ன செய்தோம் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. டெல்லூரியம் என்று ஒன்று, சோலார் தகட்டுக்குப் போகிறது. அதைத் தனியாகத் தோண்டி எடுப்பது அபூர்வம். செம்புத் தகடுகளை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்டு பாய்ச்சினால் சுத்தச் செம்பு எதிர்த் தகட்டில் போய் ஒட்டும், தங்கம் வெள்ளியோடு மிச்சமெல்லாம் கறுப்புச் சேறாக அடியில் படியும். அதை வறுத்து, கரைத்து, வடித்து, கடைசியில் ஒரு கைப்பிடி டெல்லூரியம் எடுப்போம். உலகத்தில் எரிகிற சோலார் விளக்கில் பாதி என் கைவேலை, முக்கால்கூட இருக்கும். அந்தத் தூசி துளி உள்ளே போனால் போதும், மூச்சிலும் வேர்வையிலும் மாசக்கணக்கில் பூண்டு நாறும். பஸ்ஸில் அத்தான் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள், அக்கா மட்டும் ஒட்டிக்கொண்டு உட்காருவாள்.

அத்தான் இறந்தபோதே அவளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, அவர் போனதே மனதில் ஏறவில்லை. யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். நான் வேலை விட்டு அந்த வாசத்தோடு வந்து குனிந்தால் மட்டும், வந்துட்டீங்களா, ஏன் இவ்ளோ நேரம் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவாள். வாய் ஓயாத உன் மாமன் மூன்று வருஷம் அத்தானாக ம் கொட்டினேன், எந்த நடிகனாலும் முடியாது. ஆலை டாக்டர்தான், இப்படி நாறினா உள்ள விஷம் ஏறுதுய்யா என்று என்னை வாசல் காவலுக்கு அனுப்பினார். வாசம் குறையக் குறைய அவள் என்னை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். பச்சைப் பூண்டை மென்றுவிட்டுப் போய் நின்றேன். யாருடா நீ, பூண்டத் தின்னுட்டு வந்து நிக்கிற, தள்ளிப் போ என்றாள். கட்டினவளுக்கு வித்தியாசம் தெரியாதா?

போன செவ்வாய்க்கிழமை தட்டைத் தள்ளிவிட்டு, அவரு போயிட்டாரா என்று கேட்டாள். பொய்க்குப் பஞ்சமே இல்லாத நான், ஆமாம் என்று தலையாட்டினேன். ஐயோ, எங்கிட்ட யாருமே சொல்லலியே என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லாவற்றையும் மறக்கிறவள் இதை மட்டும் மறக்கவில்லை.

நீ நூறு வருஷம் குறையில்லாமல் இரு மகளே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அப்பா போய் மூணு வருஷமாச்சேம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்கு உன் அப்பா போன செவ்வாய்க்கிழமைதான் செத்தார். நீயும் அப்படியே அழு.

உன்னைத் தோளில் தூக்கிய
தாய்மாமன்