கொடிச் சாம்பலின் நீலம்

உத்தமபாளையம்
6.2.2004

திராட்சைக் கொடிகளை வேரோடுதான் எடுக்கிறோம், நிலோபர். நீ கேட்டது அதைத்தானே. ஸலாம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன்னையும் உன் சூளையையும் அல்லாஹ் நல்லபடி வைத்திருக்கட்டும். உன் தம்பி ரபீக் கடையை அல்லிநகரத்துக்கு மாற்றிவிட்டான். ஞாயிறு மட்டும் வருகிறான்.

நீ சுட்டு அனுப்பிய மண் தட்டு வந்தது. உடையவில்லை. அலை பின்வாங்கிய ஈர மணல், விளிம்பில் அந்த நீலம். உன் அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதப் போயிக் கடலுங்கிறா. நான் மருந்தடிச்சிட்டு வந்த சட்டைல்ல இது" என்றார்கள். சிரித்தார்கள். சிரிப்பு இருமலானது. சொன்னது சரிதான். திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம் கொடியில் படிந்து, கவாத்தில் வெட்டிய குச்சியை எரித்த சாம்பலில் தங்கி, அதைத் தட்டில் பூசிச் சுடும்போது உன் சூளையில் நீலமாகிறது என்று நீதான் எழுதியிருந்தாய். அது அவர்கள் நெஞ்சிலும் தங்கியிருக்கிறது. உனக்கு எழுத வேண்டாம் என்றார்கள். எழுதுகிறேன். மாடி ஏற முடியவில்லை. தேனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இனி மருந்தடிக்கும் தோட்டத்தில் நிற்கவே கூடாது என்றுவிட்டார். அதனால்தான் வாழைக்கு மாறுகிறோம். விலை காரணமில்லை.

உன் கண்காட்சிவரை இரண்டு வரிசைக் கொடி மட்டும் விடச் சொல்லி நீ எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "பிள்ளைக்கு அது கிடக்கட்டும், மதீனா. ஆள் எதுக்கு, கைமிஷின்ல நானே அடிச்சுக்கிருவேன்" என்றார்கள்.

கடையில் வாங்கும் துத்தத்தில் அந்த நீலம் வராது என்கிறாய். வராமலே போகட்டும். கடலுக்கு வேறு நிறமும் இருக்கும், தேடு. நீ கடற்கரையில்தானே இருக்கிறாய். எடுத்த கொடிகளின் சாம்பல் ஒரு மூட்டை, ரபீக் பார்சல் போடுவான். அதுதான் கடைசி. சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். வெறும் வயிற்றோடு சூளைப் பக்கம் நிற்காதே.

உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் தரட்டும். போன் பண்ணும்போது அத்தாவிடம் இருமலைப் பற்றிக் கேட்காதே, தட்டைப் பற்றிக் கேள்.

உன் அம்மா
மதீனா

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒச்சாண்டி வந்து நின்றார். "அந்த ரெண்டு வரிசையை விட்ருன்னு மொதலாளி சொன்னாக, அப்படித்தானம்மா?" என்று கேட்டார். அவரோடு தோட்டத்துக்குப் போனேன். அத்தா ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதற்குள் இரண்டையும் வெட்டச் சொல்லி, முடியும்வரை அங்கேயே நின்றேன்.