இருபதாவது நிமிடத்தில் நிற்கும் வண்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று நடுரோட்டில் கார் நின்றது. வீட்டிலிருந்து கிளம்பிய இருபதாவது நிமிடம். இரண்டு இருமல், ஒரு குலுக்கல், பிறகு மௌனம். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஹாரன் அடித்தால் எஞ்சின் ஓடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

போகவிருந்த இடம் மச்சினன் வீடு. இந்தக் காரின் வயிற்றைக் கிழித்து, வேறொரு வண்டியின் பெரிய எஞ்சினைத் திணித்து, இரண்டு கார்புரேட்டர், கரண்டில் ஓடும் பெட்ரோல் பம்ப் என்று தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொடுத்த மகானுபாவன் அவன்தான். 20ஆம் தேதி குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. “அவன் போறதுக்குள்ள நீங்களும் வந்து ஒரு வார்த்தை பேசிடணும்” என்கிறாள் மனைவி.

நான் பேச வேண்டுமாம். ஜூன் மாதம் முழுக்க டேங்கில் பெட்ரோல் மாயமாகிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் வந்து பானெட்டைத் திறந்து எதையாவது முறுக்கிவிட்டுப் போகிறவன் அவன் ஒருவன்தான். முகத்துக்கு நேரே கேட்டேன். திருடன் என்ற சொல்லையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாளே டேங்குக்குப் பூட்டு மூடி வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 6, புதன்

மெக்கானிக் வந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘அபிப்பிராயம்’. எதைக் கேட்டாலும் ஒன்று கைவசம் இருக்கும்.

“பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் சூடாகி செத்துப்போகுது சார். ஆறுனா உயிர் வந்துடுது. வீட்ல நம்மளோட கோபம் மாதிரிதான்.”

காயிலை மாற்றினார். நாலு பிளக்கையும் மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவுவதற்கென்று டியூபை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சிச் செடித்தொட்டியில் துப்பினார். அதே வாயால் டீ குடித்து, “டீ பிரமாதம்க்கா” என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புதுக் காயில், புதுப் பிளக். பழைய இருபதாவது நிமிடம்.

கல்லூரிக்குப் போனால் மட்டும் நிற்பதில்லை, ஏழு நிமிடத் தூரம்தானே. ஜூலை முழுக்க அதைத் தாண்டி எங்கும் ஓட்டவுமில்லை. துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த இளையவர், “என்ன சார், இயற்பியல் வாத்தியார் வண்டியே ஓடலையாமே?” என்று எல்லோர் முன்னாலும் சிரிக்கிறார். அவருடைய ஆய்வேட்டில் முப்பது பக்கம் நான் திருத்திக்கொடுத்தது. நாற்காலி எனக்கு வரவேண்டியது. போகட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பொறி கொடுப்பதற்கு மச்சினன் ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி வைத்திருந்தான். அதுதான் சனியன் என்று முடிவுகட்டி, கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த பழைய பாயிண்டை நானே மாட்டினேன். இடுப்பு ஒடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது.

அவன் பெட்டிமேல் குற்றமில்லை போலிருக்கிறது. இருந்தாலும் திருப்பி மாட்டவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நகத்துக்குள் கறுப்பு. சாப்பாட்டில் பெட்ரோல் வாசனை. சோப்புக்கும் போகவில்லை. சீ.

ஆகஸ்ட் 13, புதன்

“ஏங்க, உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதானே நிறுத்துறீங்க?”

“அந்த வித்தை தெரிஞ்சிருந்தா உங்க வீட்டு விசேஷம் ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தியிருப்பேனே.”

“கார் வாங்குறதுக்கு முன்னாடியும் நீங்க பாதி வழில நின்ன ஆளுதான்.”

அவன் கிளம்ப இன்னும் ஏழு நாள்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் அபிப்பிராயத்தை ஏற்றிக்கொண்டு, நிற்கும்வரை ஓட்டுவது என்று கிளம்பினேன். நின்றது. உடனே இறங்கி ஒரு பிளக்கைக் கழற்றினார். பொறி நீலமாகத் துள்ளியது.

“கரண்ட் நல்லா குதிக்குது சார். பிளக் காஞ்சு கிடக்கு. பெட்ரோல்தான் வரல. டேங்க்ல இருக்கா?”

சாவி போட்டுப் பூட்டு மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. ஸ்டார்ட் செய்தேன். உறுமியது.

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத்து போக ஓட்டையே இல்லையே சார் இதுல. பெட்ரோல் குறையக் குறையக் காத்து உள்ள போகணும்ல? இல்லன்னா டேங்க் மூச்சப் புடிச்சுக்கும். யாரு மாட்டுனது?”

நான்தான். வெற்றிடம் பற்றி இருபத்துநாலு வருடம் பாடம் நடத்திய நான்தான்.

இத்தோடு முடிந்திருக்கலாம். அந்த மனுஷன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

“சார், இது என்ன, மீன் தொட்டிக்குப் போடுற டியூப் மாதிரி இருக்கு?”

அதுவும் நான்தான். மே விடுமுறையில், மச்சினன் போட்ட கறுப்பு ரப்பர் டியூபை நம்பாமல், பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று மாற்றினேன். இப்போது மஞ்சளாகி, கெட்டியாகி, முழுக்க வெடிப்பு.

“ஓடும்போது பம்ப் தள்ளும், ஒழுகும். நிறுத்துனா நின்னுடும். கீழ சைலன்சர் சூடு, சொட்டு ஆவியாயிடும், தரைக்கே வராது. உங்க பெட்ரோல எவனும் தொடல சார். நீங்களே காத்துல கரைச்சிருக்கீங்க. தீப்பிடிக்காம தப்பிச்சீங்களே, அதச் சொல்லுங்க.”

மதியத்துக்குள் சரியான டியூபும் ஓட்டையுள்ள மூடியும் போட்டாயிற்று. ஒரு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. நின்றிருக்கலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையிலிருந்து கேட்டாள்: “சரியாச்சா?”

“இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வண்டி ஓடினால் போக வேண்டும். போனால் சொல்ல வேண்டும். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவன் முன்னால் நின்று — முடியாது. என்னால் முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றும் கேட்டாள். இன்றும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. தூ.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். மூன்று பஸ் மாற வேண்டும், முட்டி வலியோடு. காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது, அவள் கேட்காமலேயே, “வண்டி இன்னும் சரியாகல, அதான்” என்றேன். தலையை ஆட்டினாள். காரை ஒட்டித்தான் நடந்து போனாள். டேங்க் நிறையப் பெட்ரோல்.

ஆகஸ்ட் 20, புதன்

இந்நேரம் விமானம் ஏறியிருப்பான்.

ஆகஸ்ட் 23, சனி

அபிப்பிராயம் விட்டுப்போன ஸ்பேனரைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அக்கா, தம்பி வீட்டுக்கு ஜம்முனு போய்ட்டு வந்தீங்களா? எங்கயாச்சும் நின்னுச்சா? போன சனிக்கிழமையே ஓட்டியே பாத்துட்டோம்ல, நிக்கவே நிக்காது.”

மூடியின் கதை, டியூபின் கதை, ஒழுகிய கதை எல்லாம் சொன்னார். ஒரு அபிப்பிராயமும் கலக்காமல், வெறும் தகவலாக. ஸ்பேனர் கிடைத்ததும் போனார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கீழே உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“அன்னைக்கு நான் இருந்த வரைக்கும் அவன் ஒரு இடத்துல உக்காரல. தெருவுல கார் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு வாசலுக்குப் போய்டுவான். மாமா வண்டி சத்தம் எனக்குத் தெரியும்க்கா, இது இல்லன்னுட்டு வந்து உக்காருவான்.”

அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மச்சினனுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். காற்றழுத்தம், வெற்றிடம், பெட்ரோல் பட்டால் பிளாஸ்டிக் என்ன ஆகும், எல்லாம் விளக்கமாக. கடைசியில் ஒரு வரி மன்னிப்பு. அவளிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கி, மேலே இருந்த அத்தனையையும் கோடு போட்டு அடித்தாள்.

“இது போதும்.”

மிச்சமிருந்த அந்த ஒரு வரியைப் புதுத் தாளில் எழுதினேன். கீழே ‘மாமா’ என்று போடலாமா என்று கேட்டேன்.

“போடுங்க. ஏத்துக்குறதும் ஏத்துக்காததும் அவன் இஷ்டம்.”

போட்டேன்.