உங்கள் பெயருக்கு விழுந்த கோடுகள்

சேசு மரி சூசை துணை

சாந்தா கத்தரீனா யோவேலா
அக்டோபர் 18, ஞாயிறு

மௌராவின் அப்பாவுக்கு எர்மீனியா எழுதுவது.

சர்வேசுரன் தயவில் இங்கே நான்கு பேரும் எழுந்து நடமாடுகிறோம். அத்தைக்கு முழங்கால் வலி மழையோடு வந்தது, மழை போன பிறகும் போகவில்லை. செல்சோவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. மௌரா என் தோள்வரைக்கும் வந்துவிட்டாள். நீங்கள் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு மணியை உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் போன வருடம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வந்தது. தொலைபேசிக் கடைக்கு ஆறு தடவை போய் நீங்கள் கொடுத்த எண்ணைச் சுற்றச் சொன்னேன். அந்த எண் இப்போது இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. குறை சொல்ல எழுதவில்லை. திராட்சைத் தோட்டத்து வேலை ஊர் ஊராக மாறும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தோமாசா அக்காவின் தம்பி நிக்காசியோ வியாழக்கிழமை எல்லை தாண்டி வடக்கே புறப்படுகிறான். ஃப்ரெஸ்னோவில் உங்களை விசாரித்துத் தேடி இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

ஊர் விஷயம் உங்களுக்கு எதுவரை தெரியும் என்று எனக்குத் தெரியாது. கட்சிக்காரத் தலைவர் நம் பைன் காட்டை ஊர்க்கூட்டத்தைக் கேட்காமலே மரக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரியில் லாரிப் பாதையில் கல்லை அடுக்கி உட்கார்ந்தோம். நூற்று மூன்று நாள். ஆண்களில் பாதிப் பேர் உங்களைப்போல் வடக்கே இருப்பதால் உட்கார்ந்தது பெரும்பாலும் நாங்கள்தான். எந்த நாள் யார் முறை, யார் சோள ரொட்டி கொண்டுவந்தது, எந்த லாரி எத்தனை மணிக்கு வந்து திரும்பியது எல்லாவற்றையும் செல்சோவின் பழைய நோட்டில் எழுதி வைத்தேன். சும்மா உட்கார்ந்தால் கை பரபரக்கிறது என்றுதான் எழுதினேன். பாதையில் இருந்ததெல்லாம் வெளியூர் ரௌடிகள் என்று கம்பெனிக்காரன் நீதிமன்றத்தில் சொன்னபோது, வக்கீல் அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்டினாராம். வெட்டு நின்றது. தலைவர் சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினார்.

இப்போது புதுத் தேர்தல். பாதையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இதில் மூன்றாகப் பிரிந்துவிட்டோம். இன்னொரு கட்சியின் சின்னத்தை வாங்கி நாமே நின்றால் ஜெயிப்போம், ஓட்டுப்பெட்டி வரட்டும் என்றார் எலாதியோ வாத்தியார். பெட்டி வந்தால் கொளுத்துவோம் என்றார்கள் இளவட்டங்கள். நம் அப்பாக்கள் செய்தபடி கரும்பலகையில் பேரெழுதி, அவரவர் போய்ச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள் மற்றவர்கள். சட்டை எந்த நிறமாக இருந்தால் என்ன, போடுகிற ஆள்தானே முக்கியம் என்று வாத்தியார் கேட்டார். தோமாசா அக்கா எழுந்து, "போன தலைவரும் நல்ல ஆளாத்தான் அந்தச் சட்டைக்குள்ள போனார் வாத்தியாரே. வெளிய வரும்போதுதான் அடையாளம் தெரியலை" என்றார். நாலு மணி நேரம் போயிற்று. கடைசியில், பெட்டியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், கரும்பலகை என்று முடிவு.

ஊர்ப் பட்டியலில் இருப்பது குடும்பத் தலைவர்கள் பேர்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் விதவைகள் ஏழு. பெண்களையும் சேர்க்கவேண்டும் என்று தோமாசா அக்கா கேட்டதற்கு, முதலில் காடு, மற்றதெல்லாம் பிறகு என்றார் ஊர்ச் செயலர் கிரெசென்சியோ ஐயா. "பாதையில எங்களை உட்கார வெச்சப்போ பட்டியலைப் பார்த்தா உட்கார வெச்சீங்க?" என்று அக்கா கேட்டார். பட்டியல் பழையபடியேதான் இருக்கிறது.

ஆகவே நவம்பர் எட்டாம் தேதி தேர்தலில் உங்கள் கோட்டை உங்களுக்குப் பதிலாக நான்தான் போடவேண்டும். யாருக்குப் போடட்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுத நேரமில்லை என்றாலும் பரவாயில்லை.

உங்கள் மனைவி,
எர்மீனியா

*

சேசு மரி சூசை துணை

நவம்பர் 15, ஞாயிறு

மௌராவின் அப்பாவுக்கு,

இதைப் பழைய முகவரிக்கே தபாலில் போடுகிறேன்.

மரித்தோர் திருநாளுக்கு நம் வீட்டு இறந்தவர்களின் படங்களை வைத்துப் பீடம் ஜோடித்தோம். உங்கள் படத்தை வைக்கவில்லை. அதையும் எடுத்து அங்கே வைத்துவிடுவேனோ என்று அத்தை இரண்டு நாளும் பீடத்துப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டி மட்டும் ஒன்று கூடுதலாக வைத்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேர்தல் நடந்தது. பெட்டியோடு வந்த வண்டியைப் பாலத்திலேயே நிறுத்தி, டிரைவருக்குக் காப்பி கொடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினோம். கோயில் முற்றத்தில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். தலைவர் பதவிக்கு இரண்டு பேர், காட்டுப் பொறுப்புக்கு மூன்று பேர், எல்லாம் ஒழுங்காக நடந்தது. பொருளாளருக்கு வந்ததும் பின்னாலிருந்து யாரோ "ஃபிதென்சியோ மார்த்தினெஸ்" என்று கூப்பிட்டார்கள். பிறகு இன்னொருவர். பிறகு பெண்கள் வரிசை முழுக்க. உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தரையில் கண் பதிந்துவிட்டது. நோட்டு எழுதின கைக்குத்தான் இந்தப் பேர் என்பது குழந்தைக்கும் புரியும். பட்டியலில் அந்தக் கைக்குப் பேர் இல்லாததால் உங்கள் பேர். நம் முறை வந்தபோது, பெருமை பாவம் என்று பயந்து, உங்களுக்குப் போட்டியாக எழுதியிருந்த கொத்தனார் பேருக்குக் கீழே கோடு போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அது உங்கள் கோடு. ஆக, நீங்களே உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். அப்படியும் உங்களுக்கு நூற்றெண்பத்தேழு, அவருக்கு அறுபத்தொன்று. தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க நீங்கள்தான் சரியான ஆள்.

சிரிப்பு புதன்கிழமை நின்றது. மாநிலத் தேர்தல் அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. கரும்பலகைத் தேர்தலை ஒத்துக்கொள்வார்களாம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் டிசம்பர் இருபதாம் தேதி நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் குறைந்தாலும் மொத்தமும் செல்லாது. அவர்கள் ஓர் அதிகாரியை அனுப்பி, பெட்டி வைத்து மறுபடி நடத்துவார்கள். பஸ் ஏறிப் போன தலைவர் நகரத்தில் அதற்காகத்தான் காத்திருக்கிறார். அவர் வந்தால் லாரியும் வரும்.

கிரெசென்சியோ ஐயா வீட்டுக்கே வந்தார். நான் எழுத்துப் படித்ததே உங்கள் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் என்பது அவருக்குத் தெரியும். என் எழுத்து உங்கள் எழுத்தேதான். அதனால் நீங்கள் நேரில் வந்து நின்றதாகத் தான் சாட்சி சொல்வதாகவும், நான் உங்கள் கையெழுத்தைப் போட்டால் போதும் என்றும் சொன்னார். "ஊருக்காகத்தானே அம்மா. சாமி கோவிச்சுக்காது" என்றார். சாமி சார்பில் பேச உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க நினைத்தேன். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் பேரைப் பட்டியலில் அடித்து என் பேரை எழுதலாம், உங்களுக்கு விழுந்த கோடுகளும் பதவியும் எனக்கு வந்துவிடும். அதற்கு நீங்கள் இறந்திருக்கவேண்டும், அல்லது மனைவி கூட்டத்தில் எழுந்து, இவர் இனி வரமாட்டார் என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் வீட்டு மனையிலும் சோளக்காட்டிலும் உங்கள் உரிமை போய்விடும். பிறகு நீங்கள் திரும்பி வந்தால், புதிதாகக் குடியேறுகிறவனைப்போல ஒரு வருடம் ஊர்க்காவல் வேலை செய்துதான் சேரவேண்டும். அத்தை நேற்றுச் சொல்லிவிட்டார்: "என் பையன் பேரை நீ அடிச்சா, அவனை நீயே புதைச்சதா அர்த்தம். அப்புறம் எனக்கு நீ தண்ணி எடுத்துக் குடுக்கவேண்டாம்."

பொய்க் கையெழுத்தும் போடமாட்டேன். அந்த வார்த்தையையும் சொல்லமாட்டேன். மூன்றாவது வழி நீங்கள்தான். டிசம்பர் இருபதுக்குள் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே போனாலும் சரி. வேலை முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் உங்களிடம் எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை. வாருங்கள். வாருங்கள்.

உங்கள் மனைவி,
எர்மீனியா

*

சேசு மரி சூசை துணை

ஜனவரி 1

ஃபிதென்சியோவுக்கு,

நிக்காசியோ டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, குவாதலூப்பே மாதா திருநாளன்று வந்து சேர்ந்தான். கடிதத்தை வாசலில் கொடுத்ததாகச் சொன்னான். அவர் கையிலா என்று கேட்டேன். "வீட்ல இருந்தவங்க கையில" என்றான். தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டான். உங்களைப் பார்த்தானா என்றேன். நல்லா இருக்கார், சதை போட்டிருக்கார் என்றான், தரையைப் பார்த்தபடி. வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அவனாகவே, சின்னது இன்னும் நடக்கப் பழகவில்லை என்று சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டான். பாவம், அவனைக் கோபிக்காதீர்கள். அவனுக்குப் பொய் வராது.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கோபம் மறுநாள் காலையில் சோளம் அரைக்கும்போது வந்தது. அரைத்து முடியும்வரை இருந்தது. மாவு நன்றாக மசிந்திருந்தது.

அன்று பத்து மணிக்குக் கூட்டம். எல்லாரும் நான் உங்கள் கையெழுத்தைப் போடுவேன் என்றே நினைத்து, அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். முந்நூறு பேர் முன்னால் ஒரு பெண் எதைச் சொல்லக் கூசுவாளோ, அதைச் சொன்னேன்.

"அவர் உயிரோட இருக்கார். வரமாட்டார்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா அம்மா?" என்றார் கிரெசென்சியோ ஐயா. ஆமாம் என்றேன். அவர் ஸ்கேல் வைத்து உங்கள் பேரை அடித்தார். கோணல் இல்லாமல் அடித்தார். அதன் மேலேயே என் பேரை எழுதினார். கொத்தனார் எழுந்து, தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அப்போது தோமாசா அக்கா, "அப்படியே எனக்கும் ஒரு வரி விடுங்க. என் புருஷன் உயிரோட இருக்கார், எங்கயும் போகலை, இதோ பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். ஆனா நூத்தி மூணு நாள்ல ஒரு நாள்கூட அவர் பாதைக்கு வந்ததா எர்மீனியா நோட்டுல இல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் புருஷனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பெண்கள் பேரைச் சேர்ப்பது பற்றிப் பிப்ரவரிக் கூட்டத்தில் பேசுவதாக எழுதிக்கொண்டார்கள். பேசுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் என்னோடு யாரும் நடக்கவில்லை. மரியாதையா கூச்சமா, தெரியவில்லை. கோயிலிலிருந்து வீடுவரைக்கும் அந்த மேடு எனக்கு அவ்வளவு நீளமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அக்காகூட மறுநாள்தான் வந்தார்.

அத்தை நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மகன் உயிரோடு இருக்கிறான் என்று நன்றிப் பூசைக்குச் சொல்லியிருக்கிறார். மறுபாதியை என்மேல் வைத்துவிட்டார். பேசுவதில்லை. பேசினால், "பொருளாளர் அம்மா, அடுப்புல விறகு இல்லை" என்கிறார். நான் எடுத்துக் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறார். அவருக்கு இங்கே ஒரு குறையும் வராது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம். பிள்ளைகளிடம், அப்பாவுக்கு அங்கே வேலை அதிகம் என்றுதான் இன்றுவரை சொல்லியிருக்கிறேன். மௌரா தலையை ஆட்டினாள். இப்போது கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

இருபதாம் தேதி நகரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். என் பேரை நான் அதிகம் எழுதியதில்லை, கடிதத்தின் கடைசியில் தவிர. எழுத்து உங்களுடையது மாதிரியேதான் வருகிறது. அதை மாற்ற இனி வயதில்லை. தேர்தல் செல்லும் என்று முத்திரை வைத்தார்கள். இன்று காலைப் பூசைக்குப் பிறகு பதவிக் கோலைக் கையில் கொடுத்தார்கள். நான் நினைத்ததைவிட எடை குறைவு. பொறுப்பு மூன்று வருடம்.

நீங்கள் வர நினைத்தால், ஊர்க்காவல் வேலை ஒரு வருடம், அவ்வளவுதான். வாசல் கதவைப் பற்றிக் கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் போடவில்லை, நானும் போடவில்லை. வராவிட்டால், இனி எங்கே இருக்கிறீர்கள் என்று தேடி யாரையும் அனுப்பமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அங்கே இப்போது பனிமூட்டக் காலம் என்று நிக்காசியோ சொன்னான். ஜனவரியில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டும். தைலத்தை நெஞ்சில் மட்டும் தேய்த்தால் கேட்காது. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சூடு பறக்கத் தேய்த்து, கம்பளித் துணியால் கட்டவேண்டும். உங்களுக்கு அந்த இடம் கை எட்டாது. பக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த வீட்டில் இருக்கிற எல்லாரையும், நடக்கப் பழகாத பிள்ளையையும் சேர்த்து, ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

எர்மீனியா லோபெஸ் ரூயிஸ்