அடைக்காத சுவர்

ரிங்லெட்,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா நாகரத்தினம் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டு அதை எப்படிக் கேட்பது? உன் அம்மாவை எடுத்த நாளிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. நியூசிலாந்துக்குக் கடிதம் போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று தபால் ஆபீசில் கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது.

கருமாதி சனிக்கிழமை முடிந்தது. எடுக்கிற அன்றைக்குத்தான் விமானம் கிடைக்கவில்லை, இதற்காவது வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு கமிட்டிச் செயலாளர் யோகேஸ்வரி, நீ அனுப்பிய மின்னஞ்சலைப் படித்துக் காட்டினாள். மண்டபத்தில் உன் பெயரைப் போட வேண்டாம், அம்மாவை வெளியே விடாத கட்டடம் அது என்று எழுதியிருக்கிறாய். என் கோபமெல்லாம் போய்விட்டது. யோகேஸ்வரி முன்னாலேயே அழுதேன்.

அந்த மண்டபத்தை அப்படிச் சொல்லலாமா? தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு இந்தப் பசுமைக் கிராமத்துக்கு வந்த நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கும் நீதான் வரைந்து கொடுத்தாய். மலைமண்ணை அழுத்திச் செய்த கல், மூங்கில் கூரை, மழைத்தண்ணீர்த் தொட்டி. பகலில் யாரும் விளக்குப் போடுவதில்லை. உன் அம்மா ஒருத்தியே ஒரு நாளைக்கு அறுபது கல் அழுத்தினாள். கொழுந்து பறித்த கை, வேகம் போகுமா?

வாசல் வழியை நீ நேராக வைக்காததும் அவளுக்காகத்தான். முன்பு விசேஷங்கள் நடந்த பழைய கொட்டகையைப் பற்றி, "காத்து நேரா வந்து முட்டியப் பிடிக்குது புள்ள, உள்ள உக்கார முடியல" என்று உன்னிடம் புலம்பியிருந்தாள். அதனால் சந்து போல ஒரு வழி, அதில் ஒரு திருப்பம், அதற்கப்புறம் மண்டபம் என்று வைத்தாய். காற்று திருப்பத்தில் முட்டி நின்றுவிடும் என்றாய். நின்றது. பொங்கல் சமயத்துப் பனியிலும் உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. அவள் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இனிதான் நான் சொல்ல வேண்டியது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், நீ வீடியோவில் சொல்லச் சொல்ல, நாங்கள் தரையில் குச்சி நட்டுக் கயிறு கட்டினோமே, நினைவிருக்கிறதா? இந்த வழியாக என்னென்ன போகுமோ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள் என்றாய். சோற்று அண்டா போனது. மணவறைச் சட்டம் போனது. ராமையாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினோம். மனிதர் மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டுக்கொண்டே போனார். எல்லோரும் சிரித்தோம். "வேற ஏதாச்சும் இருக்காப்பா?" என்று நீ கேட்டாய்.

இருந்தது. எனக்கு அப்போதே தோன்றியது. முப்பத்தோரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். எந்த மெஷின் எந்த வாசலில் நுழையும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவேன். மூன்றரை அடி வழி, ஒரு திருப்பம், ஆறரை அடிப் பெட்டி. திரும்பாது. வாய்வரைக்கும் வந்தது. பூமி பூஜைக்கு மஞ்சள்நீர் தெளித்த இடத்தில் நின்றுகொண்டு சவப்பெட்டியை எப்படிப் பேசுவது? ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நல்லது நடக்கப் போற இடத்துல அந்தப் பேச்சு எதுக்குங்க? புள்ள ஆசையா போட்டிருக்கா. சும்மா இருங்க லா" என்றாள். சும்மா இருந்துவிட்டேன். அவளைக் குறை சொல்லவில்லை. அளவு தெரிந்தவன் நான்.

அவளை எடுத்த அன்றைக்கு நீ போனில் பார்த்தது பாதிதான். வெறும் பெட்டியை நிமிர்த்தி உள்ளே கொண்டுவந்தோம். அவளைப் போர்வையில் தூக்கிவந்து கிடத்தினோம். எடுக்கும்போதுதான் திருப்பத்தில் சிக்கியது. வேறு வாசலும் கிடையாது. வாய்க்கரிசி போட்டு மூடியதைத் திறக்கக் கூடாது என்றார்கள். யாரோ ஒருத்தன் நிமிர்த்திக் கொண்டுபோகலாம் என்றான். உன் அம்மாவையா நிமிர்த்துவது? நான்தான் கடப்பாரை கேட்டேன். வடக்குச் சுவரில் முதல் அடி நான் போட்டதை, காய்கறி லோரி ஓட்டும் மகேன் பிடித்திருந்த போனில் நீ பார்த்துவிட்டாய். நீ அலறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேள். இரண்டாவது அடிக்கு என் கை எழும்பவில்லை. உன் அம்மாவோடு கல் அழுத்திய பெண்கள் வந்து கடப்பாரையை வாங்கி ஓரமாக வைத்தார்கள். மண்சாந்துதானே, மெல்ல நெம்பினால் வருகிறது. ஒரு கல்லையும் உடைக்காமல் கழற்றி, கைமாற்றி, மழையில் நின்று அடுக்கினார்கள். தேயிலை மேட்டைப் பார்த்தபடி நேராகப் போனாள் உன் அம்மா. நன்றாகத்தான் போனாள், பூவிழி.

இப்போது கமிட்டியில் எனக்கும் தலைவர் தினேஸ்வரனுக்கும் சண்டை. அடுத்த மாதம் கல்யாணம் ஒன்று வருகிறது, சுவரை அடைக்க வேண்டும் என்கிறார். நான் விடவில்லை. கான்வாஸ் கட்டி வைத்திருக்கிறேன். காற்று வரத்தான் செய்கிறது, எல்லோரும் என்னைத் திட்டத்தான் செய்கிறார்கள். டவுனில் ஒரு தச்சன் கதவு செய்து தருகிறேன் என்று அளவு கேட்டான். என் மகள் வந்து எடுப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

இருமலுக்காக, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அடுத்த தடவை பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். ஒரே பிள்ளை, தூரத்தில் இருக்கிறாள் என்றேன். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வேறு ஏதாவது இருக்கா என்று அன்றைக்கு நீ கேட்டாய், மகளே. நான் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நீ கிளம்பி வா. வடக்குச் சுவரில் ஒரு கதவு வை. பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற அகலத்தில் வை. காற்று வராமல் அதை எப்படி மூடுவது என்று உனக்குத் தெரியும். எனக்காகவும் அந்தப் பெண்கள் மழையில் நின்று கல் கழற்ற வேண்டாம்.

ஆகஸ்டில் உனக்கு அங்கே குளிர் என்று உன் அம்மா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாக இரு, மகளே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
நாகரத்தினம்