சட்டை ஓரத்து மயில் கழுத்து

என் பாசத்துக்குரிய மாப்ளே,

அகரத்து வாலிபால் டீம் சட்டைகள் இன்னும் வெள்ளையாகவே நம்ம ஸ்க்ரீன் பிரின்டிங் பட்டறையில் கிடக்கின்றன. டிசைன் தயார், ஸ்க்ரீன் தயார். கலர்தான் இல்லை.

அன்றைக்குக் காலையில் அவர்களுக்காக மயில் கழுத்து நிறத்தில் மை கலந்தாய். எப்பவும் போல நீ போட்டிருந்த சட்டையின் கீழ் ஓரத்திலேயே ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் வாசலில் வெயிலுக்கு நேரே நின்று காட்டினாய். டீம் கேப்டன், இதேதான் வேண்டும் என்று சந்தோஷமாகப் போனான். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடின அவசரத்தில் மை டப்பாவை மூட யாருக்குத் தோன்றும்? உன் காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்தபோது அது கட்டியாகிக் கிடந்தது.

வேறு கலர் போடலாமே என்று கேப்டனிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் கடைசியாகக் கலந்ததைப் போட்டுத்தான் ஆடுவோம் என்கிறான். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் என்னைக் கொல்கிறது. அன்றைக்கு அவன் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கினேன். அவன் போனில் பச்சையாக இருக்கிறது, என் போனில் நீலமாக இருக்கிறது.

நான் ஸ்க்ரீன் இழுக்கிறவன். கலர் உன் பாடு என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டேன். நீலத்தில் மஞ்சள் விட்டேன், பச்சை தூக்கலாகிவிட்டது. மறுபடி நீலம் ஊற்றினேன், கருத்துப்போனது. வெள்ளை சேர்த்தேன், வெளிறிவிட்டது. சரிபண்ணச் சரிபண்ண டப்பா நிறைந்து வாளிக்கு மாற்றியாச்சு. நீ இருந்தால், "மச்சான், ஊருக்கே பெயின்ட் அடிக்கப் போறீகளா?" என்று கேட்டிருப்பாய்.

கடைசியில் என் தங்கச்சியிடம் போய் நின்றேன். ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்த உன் சட்டையைச் செல்வி துவைக்காமல் தலையணைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அதை எந்த வாயால் கேட்பது, சொல்லு? கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவந்து மடியில் விரித்தாள். அதே துணியில், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சேர்கிறதா என்று தெரியும். எனக்குக் கை வரவில்லை.

"அவுக சட்டையில வைக்காம வேற எங்கண்ணே வைப்ப? வையி."

உன் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். காயட்டும் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். உன்னுடையது மயில் கழுத்து. என்னுடையது வெந்த கீரை.

செல்வி ரெண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

"இதத் தொடைக்க முடியாதாண்ணே?"

காய்ந்த மை போகாது, மாப்ளே. உன்னோடு குடும்பம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள்.

இனி அந்தச் சட்டையில் கை வைக்க மாட்டேன், இது சத்தியம். நாளைக்குக் கேப்டனைக் கூப்பிட்டு, அந்தக் கலர் எனக்கு வராது என்று சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற மையில் அவர்களுக்குப் பிடித்ததை எடுத்து, எதையும் கலக்காமல் அடித்துக் கொடுக்கிறேன். நம்ம பட்டறையில் மயில் கழுத்து யார் வந்து கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்வேன்.

செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்